அரியலூர்ப் படிவுகளில் கடல்மட்ட மாற்றம்: துளையுடலிகளின் சான்றும் அதன் வரம்பும்

கொங்கு வட்டாரத்தின் தொன்மையான படிகப் பாறைகளில் கடல்சார் நுண்புதைபடிவங்கள் கிடைப்பதில்லை. அவற்றைத் தேடுவோர் கிழக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கிரெட்டேசியஸ் காலப் படிவுகளை ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார்.

இப்படிவுகளில் காணப்படும் ஃபோராமினிஃபெரா எனும் துளையுடலிகள் ஒற்றைச் செல் உயிர்கள். பெரும்பாலானவற்றின் ஓடு சுண்ணாம்பாலானது. கரையிலிருந்து ஆழ்கடல் நோக்கிச் செல்லச் செல்ல, அடித்தளத்தில் வாழும் இனங்களைவிட மிதவை இனங்களின் விகிதம் உயர்வது பொது இயல்பு. எனவே ஒரு வெட்டுமுகத்தில் கீழிருந்து மேலாக இவ்விகிதத்தைக் கணக்கிட்டால், கடல் நிலத்துள் புகுந்ததையும் பின்வாங்கியதையும் உய்த்துணரலாம். குளிர்ந்த நீரில் உருவான ஓட்டில் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பு மிகுந்திருக்கும். எனினும் நீரின் உவர்ப்பும் அவ்வளவைப் பாதிக்கும்.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காரைக் களிப்பாறையில் ஒரு சிக்கல் உண்டு. அங்கு ஜிப்சம் நரம்புகள் மலிந்துள்ளன. களியிலுள்ள பைரைட்டு ஆக்சிஜனேற்றமடையும்போது தோன்றும் கந்தக அமிலம், சுண்ணாம்பு ஓடுகளைக் கரைத்து ஜிப்சத்தை உருவாக்க வல்லது. அவ்வாறு கரைந்த இடத்தில் மணல் துகள்களை ஒட்டி ஓடமைத்த இனங்களே எஞ்சும். அத்தகைய மாதிரியைக் கொண்டு, மிதவை இனங்களே இல்லாத ஆழமற்ற கடல் என்று துணிவது பிழையாகலாம். ஆகவே, மழையில் அரித்த புறப்பரப்பைத் தவிர்த்துப் புதிதாகத் தோண்டிய முகத்திலிருந்தே மாதிரி எடுப்பது தகும். ஐசோடோப்பு ஆய்வுக்கோ, மின்னணு நுண்ணோக்கியில் மறுபடிகமாதல் இல்லையெனத் தெளிந்த ஓடுகளை மட்டுமே கொள்ள வேண்டும்.