ஆறு நம் வாசலில். அதிகாரம் எவர் கையில்?

ஒகேனக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளையும் பதில் சொல்லும். அது எந்த ஊராட்சியில் இருக்கிறது என்று கேட்டால் படித்தவரும் விழிப்பார். தருமபுரி மாவட்டம், பென்னாகரம் ஊராட்சி ஒன்றியம், கூத்தப்பாடி ஊராட்சி. அருவியை அறிந்த நாடு ஊராட்சியை அறியவில்லை. அறிய வேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை. ஏனெனில் அந்த ஊராட்சியின் சொல் எங்கும் அம்பலம் ஏறுவதில்லை.

அங்கே வாழ்பவர் யார்? பரிசல் துடுப்பைப் பிடித்துக் கை காய்த்தவர்கள். எண்ணெய் தேய்த்துப் பிழைப்பவர்கள். மீன் வறுத்து விற்கும் தாய்மார்கள். விருந்தாளி வாங்கிவரும் மீனை அடுப்பில் ஏற்றிச் சமைத்துக் கொடுக்கும் பெண்கள். ஆறுதான் அவர்களுடைய ஆலை. அந்த ஆலைக்குக் கதவு இல்லை. ஆனால் கதவடைப்பு உண்டு!

கர்நாடகத்து அணைகள் நிரம்பினால், பிலிகுண்டுலுவில் நீரளவு ஏறினால், இங்கே பரிசலுக்குத் தடை. 2018-லும் 2024-லும் வெள்ளம் பெருகியபோது இதுதான் நடந்தது. தடை தவறு என்று நாம் சொல்லவில்லை. உயிர் பெரிது, பரிசல்காரனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஆடிப்பெருக்குக்கு ஊரே திரளும் காலத்தில் துடுப்பு கரையேறினால், அவன் வீட்டு உலை எப்படிக் கொதிக்கும்? கிழக்குக் கடற்கரை மீனவருக்கு ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. அந்நாள்களுக்கு நிவாரணமும் உண்டு. போராடிப் பெற்ற நியாயம் அது. கடலுக்கு ஒரு நியாயம், ஆற்றுக்கு ஒரு நியாயமா? தடைக்கால நிவாரணம் பரிசல் தொழிலாளியின் உரிமையாக வேண்டும்.

இன்னொரு கதையும் இந்தக் கரையில் உண்டு. காவிரி இந்த மாவட்டத்தின் ஓரமாக ஓடி, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் போய் நிறைகிறது. மேட்டு நிலமான தருமபுரியோ கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் நம்பிக் கிடந்தது. அந்த நீரிலே ஃபுளோரைடு! பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. பெரியவர்களின் எலும்பிலே வலி, வளைவு. பக்கத்தில் ஆறு, பானையில் நஞ்சு. எத்தனை தலைமுறை இப்படிக் கழிந்தது!

மக்கள் குரல் எழுப்பினார்கள். 2008 பிப்ரவரியில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு மதிப்பு 1,928 கோடி ரூபாய். 2013 மே மாதம் திறப்பு விழா கண்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் பெருங்குழாய் பேச்சில் முடிந்துவிடக் கூடாது; தெருக்குழாயில் தினமும் நீர் சொட்ட வேண்டும். எந்தத் தெருவுக்கு வரவில்லை, எந்தக் காலனியில் பழைய ஆழ்குழாய் நீரையே குடிக்கிறார்கள் என்பதைத் தலைநகரத்துக் கோப்பு அறியாது. தெருவில் வாழ்பவனே அறிவான்.

அதற்குத்தானே ஊராட்சி? 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களைத் தந்தது. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஆனால் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான். அவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்களிடம் சாவி போயிற்று. கட்சி மாறினாலும் காட்சி மாறவில்லை! நாற்காலியில் இருப்பவர் எவராயினும், கிராமத்தான் கையில் அதிகாரம் போவதென்றால் அவசரம் காட்டுவதில்லை.

தோழர்களே! ஒன்றை மறக்க வேண்டாம். தலைவர் பதவி காலியாகலாம். கிராம சபை காலியாவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குடியரசு நாள், உலக நீர் நாளான மார்ச் 22, மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று ஆறு முறை அது கூட வேண்டும் என்பது அரசே அறிவித்த ஏற்பாடு. அதில் ஒன்று நீரின் நாள். ஒன்று உழைப்பாளியின் நாள். நமக்கென்றே அமைந்தது போல இல்லையா?

மே நாளில் கொடியேற்றிவிட்டு, ஊர்வலமாகக் கிராம சபைக்குப் போவோம். பரிசல்காரரும் வரட்டும், மீன் வறுக்கும் தாயும் வரட்டும். தடைக்கால நிவாரணம், தெருதோறும் காவிரி நீர், தேர்தல் காலத்தில் தேர்தல்: மூன்று தீர்மானங்களை எழுதச் சொல்வோம். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவோம். கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாமல், அடுத்த சபையில் அந்தப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்போம்.

எதிர்நீச்சல் போட்டுப் பரிசல் செலுத்தும் கைகளுக்கு ஒரு பதிவேட்டைத் திறக்க வைப்பது பெரிய காரியமா என்ன?