பதிப்பு மாறும்போது பூதமும் மாறுமோ?

மேலைநாட்டு மேசையாட்டங்களுள் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' தனித்தன்மை வாய்ந்தது. அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய இவ்வாட்டம் 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆடுவோர் தம்மைக் கதைமாந்தராகப் பாவித்துக்கொள்வர். நடத்துநர் ஒருவர் கதையைச் சொல்லிச் செல்வர். ஐயம் நேருமிடத்துப் பகடை தீர்ப்புச் சொல்லும். வீரர்க்கு எதிர்ப்படும் அரக்கரும் பூதங்களும் 1977இல் தனி நூலாகத் தொகுக்கப்பெற்றன. பின்னர் 1989, 2000, 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் விதிகள் புதுக்கப்பட்டன. 2024இல் மீண்டும் திருத்தம் பெற்றன. பழைய கதைகளைப் புதிய விதிகளின்படி ஆட விழைவோர் அவற்றிலுள்ள பூதங்களையும் பெயர்த்தெழுத வேண்டியவராகின்றனர். அப்பணி வெறுங் கணக்குத்தானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஒரு பகுதி கணக்கே என்பதை மறுப்பதற்கில்லை. பழைய விதிகளிற் கவச எண் குறையக் குறையக் காப்பு மிகும். 2000ஆம் ஆண்டில் இம்முறை தலைகீழாயிற்று. எண் கூடக் காப்பும் கூடும். ஆகவே, 20இலிருந்து பழைய எண்ணைக் கழிக்கப் புதிய எண் பிறக்கும். இவ்வளவே பணியாயின் ஐந்தாம் வகுப்பு மாணவனும் செய்து முடிப்பான்.

'ஓகர்' எனும் அரக்கனை எடுத்துக்கொள்வோம். 1977ஆம் ஆண்டு நூலில் அவனது கவச எண் 5. கழிப்பின் 15 வரவேண்டும். 2014ஆம் ஆண்டு நூலோ 11 என்கிறது. இஃது அச்சுப்பிழையன்று. அப்பதிப்பில் வீரரது தாக்கும் வல்லமை மெல்லவே வளர்கிறது. அதற்கிசையக் காப்பைத் தாழ்த்தி உயிர்ப்புள்ளிகளை உயர்த்தினர். முன்பு சராசரி 19 புள்ளி கொண்டிருந்த ஓகர் அந்நூலில் 59 புள்ளி உடையவன். எளிதில் அடிபடுவான், எளிதில் வீழான்.

இதனினும் நுண்ணியது 'வைட்' எனும் பிணப்பேயின் நிலை. பழைய விதியில் அதன் அடி பட்டபோதெல்லாம் வீரன் ஒரு படிநிலையை இழப்பான். பல மாத ஆட்டத்தில் ஈட்டியது ஒரு தீண்டலில் அழியும். ஆதலாற் பேராற்றல் படைத்த வீரரும் அதனை அஞ்சினர். 2014ஆம் ஆண்டு விதியிலோ உயிர்ப்புள்ளிகளின் உச்சவரம்பே குறையும். அதுவும் தற்காப்புப் பகடையில் தோற்றால் மாத்திரமே. நீண்ட இளைப்பாறலின் பின் வரம்பு மீண்டுவிடும். இம்மாற்றத்துக்கு நியாயமும் உண்டு. ஒருவனது படிநிலை சரிந்தால் அவனுடைய எண்கள் பலவற்றைத் திரும்பக் கணிக்க நேர்ந்து ஆட்டம் தடைப்படும். எனினும், பழைய கதையின் கல்லறை வாயிலில் புதிய வைட்டை அப்படியே நிறுத்தினால், போரிடுவதா புறங்காட்டுவதா என்று வீரர் தயங்க வேண்டிய இடம் வெறும் வழிநடையாகிவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த நாடகம் மேடையிற் படும் பாட்டையே இது நினைவூட்டுகிறது.

பழைய இழப்பை முழுதாகக் கொணர்தலும் தகாது. புதிய விதிகள் அதனைத் தாங்கா. வரம்பின் குறைவு துயிலால் மீளாது, மந்திரத்தாலன்றி நீங்காது என நடத்துநர் விதிப்பதே எமக்குத் தக்கதாகத் தோன்றுகிறது. அக்குறைவை நீக்கவல்ல ஐந்தாம் படி மந்திரமொன்று அப்பதிப்பிலேயே உள்ளது. கவச எண் 14, உயிர்ப்புள்ளி 45 என்பவற்றைத் தொட வேண்டியதில்லை.