டி.ஆர். என்றால் டாக்டர் இல்லை: நெல்லுப் பணம் சொல்லும் எஸ்எம்எஸ்

குத்தாலம் பக்கத்தில் (அருவி இருக்கிற குற்றாலம் இல்லை, இது மயிலாடுதுறை மாவட்டத்துக் காவிரிக்கரை ஊர்) சம்பா அறுப்பு முடிந்து, அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டவர்கள் அடுத்ததாகக் காத்திருப்பது ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு. 40 கிலோ சிப்பம் எத்தனை என்று எண்ணியாச்சு. பணம் கையில் தருவதில்லை, வங்கிக் கணக்குக்குத்தான் போகும். வந்ததா இல்லையா என்று சொல்வது நாலைந்து ஆங்கிலச் சுருக்கங்கள்.

சி.ஆர். என்றால் கிரெடிட், அதாவது வரவு. டி.ஆர். என்றால் டெபிட், பற்று. பணம் வெளியே போயிருக்கு. டெபிட்டில் 'ஆர்' எங்கே இருக்குன்னு கேட்கலாம். கடனாளியைக் குறிக்கும் டெட்டர் என்ற சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் என்பது பரவலான விளக்கம். எக்ஸ்எக்ஸ் போட்டு அதன்பின் வருவது கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள். இரண்டு கணக்கு வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நெஃப்ட் என்பது பணம் வந்த வழி. வங்கிக்கு வங்கி மாற்றும் முறை.

ஆளைக் கவிழ்ப்பது 'ஏவிஎல் பால்'. கையில் எடுக்கக்கூடிய இருப்பு என்று பொருள். கணக்கில் இருக்கும் மொத்தமும் இதுவும் ஒன்றாகவே இருக்கணும்னு இல்லை. பழைய கடன் பாக்கி மாதிரி ஏதாவது காரணத்துக்காக வங்கி ஒரு தொகையை நிறுத்தி வைத்தால், செய்தியில் 'லியன்' என்று வரும். பணம் கணக்கில் இருக்கும், எடுக்க முடியாது. அறுவடை இயந்திர வாடகை கொடுக்க நிற்பவருக்கு இந்த ஒரு சொல் தெரியாவிட்டால், ஏடிஎம் வாசலில்தான் விஷயம் புரியும்.

ஏன் இப்படிச் சுருக்குகிறார்கள்? ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் 70 இடமாகச் சுருங்கிவிடும். அதிலும் புள்ளி, கொம்பு எல்லாம் தனி இடம் பிடிக்கும். 'குத்தாலம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஒன்பது.

சுருக்கி எழுதுவது நமக்குப் புதுசில்லை. பழைய கணக்கு ஏடுகளில் வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸ என்று ஒற்றைக் குறிகள் உண்டு. 2003-இல் யூனிகோடில் இவை சேர்ந்தன. நெல்லுக்கும் நன்செய்க்கும்கூடக் குறி உண்டு. அவை 2019-இல் சேர்ந்தன. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் கணக்கு புரிந்தது என்று சொல்ல வரவில்லை. கணக்குப்பிள்ளைக்குப் புரிந்தது, குடியானவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? இன்று கணக்குப்பிள்ளையின் இடத்தில் காலேஜ் படிக்கிற பேத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பேத்தி பக்கத்தில் இல்லாதபோது பார்க்க வேண்டிய இன்னொரு இடம், அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்து. 2025 முதல் டிராய் விதிப்படி ஒரு கோடு போட்டு அதன்பின் ஓர் எழுத்து வருகிறது: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. "உங்கள் நெல்லுப் பணம் நிற்கிறது, இந்த லிங்கை அழுத்துங்க" என்று சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் தொடவே வேண்டாம். கிளைக்குப் போய் பாஸ்புக்கில் வரவு போட்டுப் பாருங்க.