நடந்து வேலைக்குப் போகிறவருக்கும் சொக்சோ உண்டு

நடங்கள், சைக்கிள் ஓட்டுங்கள் என்று பல்கலைக்கழக வளாகங்களில் இயக்கம் நடத்துகிறார்கள், நல்ல காரியம். கேமரன் மலையின் கியா பார்மில் அந்த உபதேசம் தேவையில்லை. காய்கறித் தோட்டத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் சந்தைக் கடைக்கும் நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது பாதுகாப்பான சாலையோரம். மலைச்சாலையில் ஓரத்துக்கு இடம் ஏது என்று கேட்பார்கள். பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் போகும் 59ஆம் எண் கூட்டரசு சாலையைப் பள்ளி விடுமுறையில் பார்த்தால் பதில் தெரியும்: இருக்கிற கொஞ்ச ஓரத்தையும் கார்களும் கடைச் சரக்கும் பிடித்துக்கொள்கின்றன, நடப்பவர் பனிமூட்டத்தில், வளைவில், ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்குகிறார். சாலையை மறித்து வண்டி நிறுத்துவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி குற்றம். பொதுப் பாதையில் சரக்கை வைத்து மறிப்பதற்கு 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, அமலுக்குத்தான் பஞ்சம்.

புகார் சொல்கிறவர்களும் பெரும்பாலும் தவறான கதவைத் தட்டுகிறார்கள். மறித்து நிற்கும் வண்டிக்குப் போலீஸ். நடைபாதையை அடைத்த சரக்குக்குத் தானா ராத்தாவிலுள்ள கேமரன் மலை மாவட்ட மன்றம். சாலைத்தோள், வெள்ளைக்கோடு, குழி ஆகியவற்றுக்கு, அது கூட்டரசு சாலை என்பதால், பொதுப்பணித் துறை. 'எங்கள் வேலை இல்லை' என்று சொல்லும் அதிகாரி எந்த அலுவலகத்தின் வேலை என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம், அதைக்கூடச் செய்வதில்லை. தொலைபேசியில் சொன்ன புகாருக்குத் தடயம் கிடையாது. அந்தந்தத் துறையின் சிஸ்பா இணையப் புகார் முறையில் எழுதுங்கள்: இடம், தேதி, நேரம், புகைப்படம். கிடைக்கும் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். எண் இல்லாத புகாரை யாரும் தேடப்போவதில்லை.

அடிபட்ட பிறகு நடப்பது இதைவிட மோசம். மோதியவர் சாலையோரத்தில் சில நூறு ரிங்கிட்டை நீட்டுகிறார். அடிபட்டவர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மறுவாரம் முழங்கால் வீங்குகிறது. நடந்து போனவனுக்கு ஏது இன்சூரன்ஸ் என்ற நினைப்பே இதற்குக் காரணம். அது தவறு. மோதிய வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம், அது நடப்பவருக்காகவும்தான். அதைவிட முக்கியமானது, 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு: வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான வழியில் நேரும் விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும். காரில் போனாரா, சைக்கிளில் போனாரா, நடந்தாரா என்று அந்தப் பிரிவு பேதம் பார்ப்பதில்லை. சொந்தக் காரியமாக வழி மாறியிருந்தால்தான் சிக்கல்.

ஆகவே முதலில் வண்டி எண்ணைக் குறியுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், எப்படி அடிபட்டது என்று மருத்துவரிடம் சொல்லிப் பதிவாகச் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்து நகலை வாங்குங்கள். மோதியவர் நிற்காமல் போயிருந்தாலும் புகார் செய்யுங்கள். பிறகு முதலாளியிடம் தெரிவியுங்கள்; தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குத் தனி விபத்து அறிக்கைப் பாரம் உண்டு. அதோடு போலீஸ் புகார், எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்று, வருகைப் பதிவு, வீட்டிலிருந்து வேலையிடம் வரையிலான வழியின் வரைபடம் வேண்டும். வரைபடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். வழி மாறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும்.

சின்னக் காயத்துக்கு இவ்வளவு அலைச்சலா என்பார்கள். எது சின்னக் காயம் என்பது அன்றே தெரிவதில்லை, பதிவு மட்டும் அன்றே வேண்டும். போலீஸ் புகார் இல்லாமல் பணம் வாங்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், வாங்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் இந்த வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தாமே பதிந்து சந்தா கட்டியிருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு பதிவதில் பயனில்லை. சாலைக் குழியால் விழுந்து அரசுத் துறைமீது வழக்குப் போடுவதானால் கெடு 36 மாதம்தான்.