மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் ஒருகாலத்தில் புகை கக்கியபடி ஓடித்திரிந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களை வாசகர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டதையடுத்து விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரும்பொருளாயிற்று; கிடைத்த சொற்பமும் எட்டாத விலைக்கு விற்றது. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் மணமக்களை ஏற்றிவரவும் கைகொடுத்தவை, வீட்டு முற்றங்களிலும் சிறு கராஜ்களிலும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்ட இந்தக் கார்களே. அது எவ்வாறு சாத்தியமாயிற்று?

பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய்க்குக் கூடுதலான வெப்பம் வேண்டும். எனவே, சிறு போத்தலொன்றிற் பத்திரப்படுத்திய பெற்றோலைச் சிறிதளவு விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எரிகலவை உட்செல்லும் குழாயும் சூடான புகை வெளியேறும் குழாயும் அப்பழைய இயந்திரங்களில் அருகருகே அமைந்திருந்தமை பெரும் வாய்ப்பாயிற்று. அந்தச் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது.

இன்னொரு காரணமும் உண்டு. அதிகமாக அமுக்கினால் மண்ணெண்ணெய்க் கலவை ஒழுங்காக எரியாமல் தானாகவே வெடித்து இயந்திரத்தைச் சேதப்படுத்தும். 1947 இல் அறிமுகமான ஒஸ்ரின் ஏ-40 காரின் இயந்திரமோ கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அமுக்கியது. இன்றைய பெற்றோல் கார்கள் பலவற்றில் அது பத்தில் ஒரு பங்காகவோ அதனினும் குறைவாகவோ சுருக்கப்படுகின்றது. பழமையே இங்கு பலமாயிற்று.

இதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். உராயும் பாகங்கள் விரைவிலேயே தேயும். பிளக்கில் கரி படியும். சூடான இயந்திரத்தின் அருகே பெற்றோல் போத்தலைக் கையாள்வதில் இருந்த தீ அபாயத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

2022 இல் நாடு முழுவதும் மக்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது இந்தப் பழைய வித்தை பலருக்கும் நினைவுக்கு வந்தது. அப்போது மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு என்பது வேறு விடயம். காபுரேற்றர் இன்றி, கணினியின் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்றைய வாகனங்களில் இதனைப் பரீட்சித்துப் பார்ப்பது வீண் நட்டத்தையே தரும். அவ்வாறு எவரும் முயலவேண்டாம் என்றே நாம் கூறுவோம்.

எனினும், அந்த அறிவு அழிந்துபோக விடலாகாது. அன்று கராஜ்களில் வேலை செய்தவர்கள் இன்று முதுமையடைந்துவிட்டனர். கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் தமது மாணவர்களை அவர்களிடம் அனுப்பிவைக்கவேண்டும். எந்தக் காரில் எந்தப் பாகத்தை எவ்வாறு மாற்றினார்கள், எத்தனை மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினார்கள் என்பவற்றை, பழுதாகிப்போன இயந்திரங்களின் கதையையும் சேர்த்தே, மாணவர்கள் கேட்டெழுதட்டும்.