ஒரு மூச்சுக்குள் நான்கு ஆண்டு

இந்த அரிப்பு ஊர்க் கரைக்கு அப்பால், மன்னார் வளைகுடாவின் அடியில், முத்துச்சிப்பிப் பார்கள் கிடக்கின்றன. சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார். மூக்கை அடைத்திருப்பார். தடவித் தடவிச் சிப்பியைக் கூடையில் அள்ளிக் கயிற்றை இழுத்ததும் படகிலிருப்பவர் தூக்கிவிடுவார். அடியில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு நிமிடம்.

பஞ்சாங்கக் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 60 விநாடி. அந்த விநாடி இன்றைய கடிகாரத்தில் 24 செக்கன். ஆக, அந்த முழுக்கு வெறும் இரண்டரை விநாடி!

சிப்பிக்கோ அவசரமே இல்லை. அது குளிப்புக்கு ஏற்ற பருவம் அடைய நான்கு ஆண்டளவு செல்லும். நாளாக 1,461, நாழிகையாக 87,660, நிமிடமாக 21,03,840. முந்தினால் முத்து சிறுத்திருக்கும். பிந்தினால் சிப்பி செத்துப்போகும். அதனால்தான் பார்களை முன்கூட்டியே சோதித்து, அதன் பிறகே சலாபத்தை அறிவித்தார்கள். குளிப்பவரின் துணிச்சலைப் போலவே இந்தக் காலக் கணிப்பும் பெரிய திறமை.

உங்கள் முன் நிற்கும் அல்லிராணிக் கோட்டை, சலாபத்தை மேற்பார்வையிட வரும்போது தங்குவதற்காகத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801–1804 காலத்தில் கட்டுவித்த மாளிகை. அதன் வயதில் 200 ஆண்டை மட்டும் செக்கனில் எண்ணினால் 631 கோடி. நிமிட முழுக்காக எண்ணினால் 10 கோடியே 52 லட்சம். கடல் கரையை அரிப்பதால் கட்டடத்தின் பெரும்பகுதி இடிந்துவிட்டது. தயவுசெய்து மேட்டின் விளிம்புக்குப் போக வேண்டாம்.