ஆற்றுப்படுத்தும் பணியில் பங்கு ஆலயங்கள்: தூரம் அல்ல, கூச்சமே தடை

புதுதில்லி: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நகருக்குள் செல்லும் ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளது. அதே வழியில், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கீழ் 1963 முதல் இயங்கும் புனித ஜான் மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு உண்டு. தடையாக நிற்பது தூரம் அல்ல, கூச்சம்.

நிம்ஹான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு தெரியவந்தது. பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

பங்குத்தந்தையிடம் மனம் திறக்கும் கத்தோலிக்கர் பலர் மருத்துவரிடம் செல்லத் தயங்குகின்றனர். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை அவர் வெளியிடமாட்டார் என்ற நம்பிக்கை பெரும் பலம். ஆனால் பாவமன்னிப்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை ஆகாது.

தற்கொலைக்கு முயன்றவருக்குத் தேவை தண்டனையல்ல, பராமரிப்பு என நாடாளுமன்றம் 2017-இல் சட்டம் இயற்றியது. உரிய நேரத்தில் மருத்துவரிடம் அனுப்பும் பயிற்சி பங்குகளுக்கும் கிடைத்தால்தான் அந்தப் பராமரிப்பு ஆலய வாசலிலேயே தொடங்கும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்: 14416.